'டைப்', 'சேஞ்ச்ட்': பழைய டேபிளின் பெயர் மோதலை எங்கே தீர்ப்பது?

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையின் கொள்வனவுக் கணக்கை ரெயில்ஸுக்குக் (ரூபி மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) கொண்டுவருகிறேன். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் உள்ள பழைய டேபிளில் இரண்டு கொலங்களின் (நிரல்களின்) பெயர்கள், ரெயில்ஸ் தனக்கென வைத்திருக்கும் பெயர்களோடு மோதின. 'டைப்' என்பதில் நெல் வகை: நாடு, சம்பா, கீரிச்சம்பா. 'சேஞ்ச்ட்' என்பதில் கடைசியாகத் திருத்திய நேரம்.

முதலாவது லேசு. டைப் என்று கண்டதும் ரெயில்ஸ் அதை ஒரு கிளாஸின் பெயராக எடுத்து, 'சம்பா' கிளாஸைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிடும். மொடலில் (டேபிளைக் கையாளும் ரெயில்ஸ் கிளாஸில்) இன்ஹெரிட்டன்ஸ் கொலத்தை, அதாவது கிளாஸ் பெயரைத் தேடும் கொலத்தை, நில் (வெறுமை) ஆக்கினால் ஒரே வரியில் தீரும். சேஞ்ச்ட் அப்படியல்ல. பதிவில் எந்தெந்தக் கொலங்கள் மாறின என்று பட்டியலிடும் ரெயில்ஸ் மெதட்டின் பெயரே அதுதான். அதனால் 'டேஞ்சரஸ் அட்ரிபியூட் எரர்' வரும். வரத்தான் வேண்டும், இல்லையென்றால் பட்டியலைக் கேட்ட இடத்தில் ஒரு திகதி வந்து விழும்.

கொலத்தின் பெயரையே மாற்றுவது சுத்தமான வழி. ஆனால் தராசடியில் (நெல் நிறுக்கும் இடத்தில்) ஓடும் பழைய மென்பொருளும் இதே டேபிளில்தான் எழுதுகிறது. பெரும்போக அறுவடையில் நெல் டிராக்டர்கள் வாசலில் நிற்கும்போது அது நின்றால் விவசாயிக்கு நிறை எழுதிய துண்டு இல்லை, துண்டு இல்லாமல் காசும் இல்லை.

மொடலுக்குள்ளேயே தீர்க்கலாம்: அந்தப் பெயருக்கு மெதட் உருவாக்காமல் தடுத்து, மதிப்பை ரீட் அட்ரிபியூட்டால் (கொலத்தின் பெயரைக் கொடுத்து மதிப்பை வாசிக்கும் மெதட்) எடுப்பது. டேபிள் அப்படியே இருக்கும். ஆனால் ரெயில்ஸின் உள் மெதட் ஒன்றை மேலெழுத வேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அதைச் சோதிக்க வேண்டும். கொலத்துக்கு மாற்றுப் பெயர் தரும் அலியாஸ் அட்ரிபியூட் மட்டும் போதாது, பழைய பெயர் உள்ளே இருக்கும்வரை எரரும் இருக்கும். கொலத்தையே ரெயில்ஸ் பார்க்காமல் விடச் செய்யும் இக்னோர்ட் கொலம்ஸ், அந்தத் தரவே வேண்டாம் என்பவர்களுக்கு. பைதனின் ஜாங்கோ கட்டமைப்பில் என்றால், டேபிளில் உள்ள பெயரை 'டிபி கொலம்' என்று எழுதினால் முடிந்துவிடும்.

நான் எடுத்தது வியூ, அதாவது தரவுத்தளத்தில் சேமித்து வைத்து, டேபிள் போலவே பயன்படுத்தும் ஒரு வினவல். பழைய டேபிளின் மேல் 'நெல் வகை', 'திருத்திய நேரம்' என்ற பொருளில் பெயரிட்ட வியூ; ரெயில்ஸ் அதை மட்டுமே பார்க்கும். ஜொயின் (டேபிள்களை இணைப்பது), குரூப் பை (வரிசைகளைத் தொகுப்பது) இல்லாத வியூ என்பதால் எழுதவும் முடிகிறது. பிரைமரி கீயை (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் கொலம்) மட்டும் மொடலில் நாமே சொல்ல வேண்டும். டேபிளில் புதுக் கொலம் சேர்த்தால் வியூவையும் திரும்ப உருவாக்க வேண்டும். எல்லாக் கொலங்களும் என்ற பொருளில் நட்சத்திரக் குறி போட்டிருந்தாலும் தானாக வராது.

தராசடி மென்பொருளை மாற்றும் வருடம், சிறுபோக அறுவடைக்கும் பெரும்போக விதைப்புக்கும் இடையில் கொலங்களுக்கு வியூவில் உள்ள பெயர்களையே வைத்துவிடலாம். மொடலில் டேபிளின் பெயர் மட்டும் மாறும்.