தத்தெடுத்த நாய்: கூண்டா, தனி அறையா, வீடு முழுக்கவா?

காப்பகத்திலிருந்து வந்த நாயை முதல் நாளே வீடு முழுக்க உலவ விடுவதுதான் பாசம் என்று பலர் நினைக்கிறார்கள். பயந்த நாய்க்கு அது தண்டனை. கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கும், அல்லது மூச்சிரைக்க அறை அறையாகச் சுற்றும். வாசல் கதவு லேசாகத் திறந்தாலும் பாய்ந்து ஓடிவிடும்.

கூண்டு நேர் எதிர். நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் இடமிருந்தால் அளவு சரி. ஏற்கெனவே பழகிய நாய் தானாக உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். அடைபட்டுப் பயந்த நாயை உள்ளே தள்ளிப் பூட்டினால் மார்பு நனைய எச்சில் வழியும்; கம்பியைக் கடித்துப் பல் உடையும், நகம் பிய்ந்து ரத்தம் வரும். ‘கத்திக் கத்திப் பழகிவிடும்’ என்று விடாதீர்கள். பீதிதான் கூடும்.

எங்கள் தேர்வு தனி அறை, அதற்குள் கதவு திறந்தே இருக்கும் கூண்டு. கூண்டின் மூன்று பக்கமும் போர்வை, எதிர் மூலையில் தண்ணீர். ஆள் நடமாட்டம் குறைவாக, வீட்டுச் சத்தம் மட்டும் காதில் விழும் அறையாக இருக்கட்டும். எவ்வளவு தின்றது, மலம் எப்படி இருக்கிறது, வாந்தி எடுத்ததா என்பதெல்லாம் இங்கே கண்ணில் படும். வேறு நாய் இருக்கும் வீட்டில் இரண்டு வாரம் பிரித்து வைக்கவும் இந்த அறையே உதவும். நாய்க்கு நாய் தொற்றும் பார்வோ வைரஸ் நோயும் கெனல் இருமலும் பெரும்பாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். உங்களைப் பார்த்ததும் உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள். நீங்கள் அறையில் இருக்கும்போதே ஒருக்களித்துச் சாய்ந்து அயர்ந்து தூங்கினால், அடுத்த அறையைத் திறந்துவிடலாம்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். நல்ல தீவனம் என்று வந்த அன்றே மாற்றினால் வயிறு கலங்கும். அது தீவனத்தாலா, புழுவாலா, நோயாலா, பதற்றத்தாலா என்று பிரித்தறிய முடியாது. காப்பகத்தில் தின்றதையே மூன்று நான்கு நாள் கொடுங்கள். பிறகு கால் பங்கு புதியது, அரை, முக்கால் என்று 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள்.

எலும்பும் தோலுமாக வந்த நாயின் சங்கதி வேறு. வயிறு நிறையப் போடத்தான் மனம் துடிக்கும். ஆனால் பட்டினி கிடந்த உடலில் திடீரென உணவு சேர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 10 கிலோ நாய்க்கு ஓய்வு நிலையில் ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 400 கிலோகலோரி. அதில் கால் பங்கை நான்கைந்து வேளையாகப் பிரித்துத் தொடங்கி, கால்நடை மருத்துவர் சொல்லும் வேகத்தில் கூட்டுவதே பாதுகாப்பு.

உண்ணிக்கு மாத்திரையா, சொட்டு மருந்தா? தொடவே விடாத நாய்க்கு மாத்திரை வசதி: தீனியில் வைத்துக் கொடுக்கலாம், குளித்தாலும் பலன் போகாது. வலிப்பு வந்த நாயாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சொட்டு மருந்தை மயிரை விலக்கித் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலில் படும்படி விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்ததென்றால் பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகாது, பூனைக்கு அது நஞ்சு. எதுவானாலும் நாயை எடை போட்ட பிறகே வாங்குங்கள்.

குடற்புழு மருந்து ஒரு தடவையோடு முடிவதில்லை. உடலுக்குள் நகரும் இளம்புழுக்கள் முதல் மருந்துக்குத் தப்பி, வளர்ந்து மீண்டும் குடலுக்கு வரும். அதனால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கொடுத்து, பிறகு மலத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.