வடித்த காப்பியின் மணம்: எஸ்பிஎம்இயா, சேஃப்பா?

வறுத்த காப்பியில் 800-க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். மணத்தைத் தீர்மானிப்பவை இருபது, முப்பதுதான். அவற்றைச் சிதைக்காமல் காப்பியிலிருந்து எடுப்பதில்தான் சிக்கல். அதற்கான இரண்டு முறைகள்தான் எஸ்பிஎம்இயும் சேஃபும்.

எஸ்பிஎம்இ (SPME, திண்மநிலை நுண்பிரித்தெடுப்பு) 1990-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை. மூடிய குப்பியில் சில மில்லிலிட்டர் காப்பி, கொஞ்சம் உப்பு, மிதமான சூடு. மேலே தேங்கும் ஆவியில் ஊசிக்குள்ளிருந்து நீளும் ஓர் இழை அரை மணி நேரம் மணத்தை உறிஞ்சும். கரைப்பான் வேண்டாம். இருபது குப்பிகளை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. வறுத்த காப்பியின் முத்திரை மணமான 2-ஃபர்ஃபுரில்தையால் என்ற கந்தகச் சேர்மம், காப்பியைக் கருப்பாக்கும் மெலனாய்டின்களோடு பிணைந்து மறைந்துகொண்டே இருக்கும். ஃபிளாஸ்கில் வைத்த காப்பி சப்பென்று ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் குப்பியும் இருபதாவது குப்பியும் ஒரே காப்பி அல்ல. போதாக்குறைக்கு, இழையில் இடம் பிடிக்கும் போட்டியில் பெரிய மூலக்கூறுகள் சிறியவற்றைத் தள்ளிவிடும்.

சேஃப் (SAFE, கரைப்பான் துணையோடு மணத்தை ஆவியாக்கல்) முறையை 1999-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஈதரில் பிரித்தெடுத்த சாற்றை உயர் வெற்றிடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால், மணப்பொருள்கள் ஈதரோடு சேர்ந்து ஆவியாகித் திரவ நைட்ரஜன் குளிரில் உறைந்து சேரும். கொதிநிலைச் சூடு கிடையாது. ஆனால் அரை நாள் போய்விடும். கண்ணாடிக் கருவி உடைந்தால் மனமும் உடையும். அசிட்டால்டிஹைடு போன்ற மிக லேசான சேர்மங்கள் பகுப்பாய்வு வரைபடத்தில் கரைப்பானின் சிகரத்துக்குள் புதைந்துவிடும். அவற்றுக்கு எஸ்பிஎம்இதான் சரி.

மணிக்கணக்கில் கொதிக்கவைக்கும் பழைய லிக்கன்ஸ்-நிக்கர்சன் வடிப்பு காப்பியில் இல்லாத மணங்களையும் உண்டாக்கிவிடும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என்னைச் சேஃப் பக்கம் சாய்ப்பது வேறொன்று. எஸ்பிஎம்இ இழையை, மணத்தை விடுவிக்க ஒருமுறை சூடாக்கினால் எல்லாம் தீர்ந்தது. சேஃப் சாறு குப்பியில் மிச்சமிருக்கும். இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று நீர்க்கச் செய்து, சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிவிடும் கேஸ் குரோமட்டோகிராஃபின் முகர்வுக் குழாயில் மணம் நிற்கும்வரை முகர்ந்து பார்க்கலாம். கருவியின் திரையில் ஃபர்ஃபுரால் என்ற சேர்மம் மலையாக நிற்கும். மூக்கோ அதைப் பொருட்படுத்தாது. சற்று நேரத்தில் கோடு தட்டையாக ஓடும் இடத்தில் முகர்பவர் சட்டென்று நிமிர்ந்து "காப்பி" என்பார். தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.01 மைக்ரோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டும் அந்த ஃபர்ஃபுரில்தையால்தான் அது.

இரண்டு வறுவல்களை ஒப்பிட மட்டும் என்றால் எஸ்பிஎம்இ போதும். ஐசோடோப்பு ஏற்றிய அகத்தரப்பொருளை (அளவு தெரிந்த, கனமான அணுக்கள் கொண்ட அதே சேர்மத்தை) வடித்த கையோடு சேர்த்துவிடுங்கள். பிறகு குப்பி காத்திருந்தாலும் கணக்கு கெடாது.