கோழிக்கு மருந்து என்று 3,650 ரூபாயைச் சுருட்டிய கைபேசி வைத்தியன்

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். படத்தைப் பார்த்தே நோயைச் சொல்லி மருந்து அனுப்புகிற ஓர் இணையப் பக்கத்தில் 3,650 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் கடை திறப்பான். அதனால் அவன் செய்த வேலையைச் சொல்கிறேன்.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் நாட்டுக்கோழிகள், சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று. குருணையை இறைத்தால் முதலில் ஓடிவருவது அதுதான். அன்று சாயங்காலம் பஞ்சாரத்தின் ஓரமாக ஒடுங்கி நின்றது. இறக்கை தொங்கிவிட்டது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்ப் போனது. கால்நடை மருந்தகம் மூடிவிட்ட நேரம்.

அந்தப் பக்கத்திற்குப் படம் அனுப்பியதும் அவனே அழைத்தான். கொண்டை கறுத்திருக்கிறதா, தீவனப்பை இறுகியிருக்கிறதா, கழுத்தைத் திருகுகிறதா என்று வரிசையாகக் கேட்டான். எல்லாம் விவரம் தெரிந்தவன் கேட்கிற கேள்விகள். “நானும் நெல்லைக்காரன்தான் அக்கா, உங்களிடம் போய் லாபம் பார்ப்பேனா?” என்றான். குடல்புழு, கல்லீரல் வீக்கம், மூன்று வேளையில் எழுந்து நடக்கும் என்று அடித்துச் சொன்னான். 3,650 ரூபாய் போனது.

பஸ் பார்சலில் பாட்டில் வந்தது. மருந்தின் பெயர் இல்லை, காலாவதி நாள் இல்லை, ‘கோழி சஞ்சீவி’ என்று ஒரு தாள் மட்டும் ஒட்டியிருந்தது. ஈரக்கையில் அதன் ஓரம் உரிந்து வந்தது; அடியில் மாடு படம் போட்ட கல்லீரல் டானிக் லேபிள்! அதற்குள் சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு பின்னோக்கி நடக்க ஆரம்பித்திருந்தது. சேவல் போயிற்று, பின்னாலேயே பெட்டைகளும்.

கேட்டால், “தண்ணீர் அதிகம் கலந்திருப்பீர்கள்” என்றான். அடுத்த முறை, “ஐயா வெளியூரில் இருக்கிறார்” என்று ஒரு பெண் குரல். பிறகு, இன்னொரு பாட்டில் வாங்கினால் பாதி விலை என்று செய்தி! கடைசியில் என் எண்ணையே முடக்கிவிட்டான். நேர்ந்த சேவலுக்குச் சாமியிடம் என்ன பதில் சொல்வது என்கிறார்கள் அத்தை. அதை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

அரசு மருந்தகத்து டாக்டர் செத்த கோழியை அறுத்து இரைப்பையை விரித்துக் காட்டினார். உள்சுவரில் ஊசியால் குத்தியதுபோல் ரத்தப் புள்ளிகள். ராணிக்கேட், நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோமே, அதுதான். வைரஸ் நோய், வந்தபின் குணமாக்க மருந்தே கிடையாது, முன்கூட்டிப் போடும் தடுப்பூசி ஒன்றுதான் வழி. ஆக, உலகத்தில் இல்லாத மருந்துக்கு 3,650 ரூபாய் வாங்கியிருக்கிறான்!

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், எரிச்சலில் ஓடவில்லை. எச்சத்தைப் படத்தில் பார்த்து நோய் சொல்பவனை நம்பாதீர்கள். ரத்தக்கழிச்சலுக்கு மருந்து உண்டு, வெள்ளைக்கழிச்சலுக்கு இல்லை, இரண்டையும் பிரித்தறிய ஆள் வேண்டும். செத்த கோழியை அன்றே மருந்தகத்துக்கோ ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். பிப்ரவரியில் அரசு முகாமில் தடுப்பூசி இலவசம். எங்கள் கோழிகள் அந்த முகாமுக்குப் பின் முட்டையிலிருந்து வந்தவை, அதனால் ஊசி போடவில்லை. ஐஸ் இல்லாமல் தடுப்பூசி விற்றால் வாங்காதீர்கள். செத்ததைக் கன்னடியன் கால்வாயில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். இப்படி ஏமாந்து பணம் போனால் உடனே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள். நான் அழைத்துவிட்டேன்.