திருமலையில் பேய் தேடுவதென்றால்: கோட்டையா, சேமக்காலையா, எண்ணெய்த் தாங்கியா?

திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, வருகிறவர்கள் முன்பெல்லாம் புறாமலைத் தீவுக்கு எப்படிப் போவது என்று கேட்பார்கள். இப்போது வருகிற இளசுகள் "அமானுஷ்யமான இடம் ஏதும் இருக்கா அண்ணா?" என்கிறார்கள். போன விடுமுறைக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த என் மச்சானுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் அதே ஆசைதான். ஒருவன் கையில் ரெக்கோடர், இன்னொருவன் தலையில் கட்டுகிற லைற். எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று யோசித்து, கடைசியில் பிரெட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையையும், இராவணன் வெட்டு என்கிற கடலோரப் பாறைப் பிளவையும் தெரிந்தெடுத்தேன். மற்ற இடங்களை ஏன் விட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை.

முதலில் எண்ணெய்த் தாங்கிகள். படம் பிடிக்க இதைவிடத் திறமான இடம் ஊரில் இல்லை. சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன இராட்சதத் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் குண்டு போட வந்தபோது ஒரு விமானம் தாங்கியொன்றின் மேல் விழுந்து, அது நாட்கணக்கில் எரிந்ததாகச் சொல்வார்கள். கதைக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அது எண்ணெய்க் கொம்பனிகளின் காணி. அனுமதி இல்லாமல் வேலி தாண்டக்கூடாது. அந்தக் காட்டில் இரவில் அசைகிற கறுப்பு உருவம் எதுவென்றாலும், அது யானையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நான் றோட்டில் நின்று பார்த்ததோடு சரி.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைச் சிலர் சொல்வார்கள். தாய் இறந்துவிட்டாள் என்று கிழவர் வேடத்தில் வந்த விஷ்ணு சொல்ல, ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டி இராவணன் வாளால் ஏழிடத்தில் குத்தினான் என்பது கதை. அந்தியேட்டிக்கு எங்கள் சனம் போகிற இடம் அது. அப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவனின் பக்கத்தில் நின்று ரெக்கோடரை நீட்ட என்னால் முடியாது.

உப்புவெளியில் நிலாவெளி றோட்டோடு இருக்கிற யுத்தச் சேமக்காலை அழகான இடம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் ஒரே அளவுக் கல்லுக்குக் கீழே வரிசையாகக் கிடக்கிறார்கள். புல் வெட்டி, பூ நட்டு, அவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பதால் அங்கே மனம் கனக்குமே தவிர மயிர் கூச்செறியாது.

உண்மையான போட்டி கோட்டைக்குக் கிட்ட உள்ள பழைய ஆங்கிலேயச் சேமக்காலையோடுதான். பாசி பிடித்த கல், உடைந்த மூடி, வேர் புகுந்த மேடை எல்லாம் அங்கே உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாவில் கொலராவில் இறந்து இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். திருமலையில் இருந்தே தொலைநோக்கியால் வியாழனைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்த பேர்சி மோல்ஸ்வேர்த் என்ற பொறியியல் படை அதிகாரியும் 1908இல் இறந்து இங்கேதான் கிடக்கிறார். வரலாறு தேடுகிறவனுக்கு இது போதும். பேய் தேடுகிறவனுக்குப் போதாது. ஒருபுறம் றோட்டு, மறுபுறம் மைதானம், தெருவிளக்கு, ஓட்டோச் சத்தம். இருட்டிய பிறகு உள்ளே நிற்பதற்கு நியாயம் சொல்லவும் முடியாது. மதில் ஏறிக் குதித்தவனைப் பிடிக்கப் பேய் வரவேண்டியதில்லை, பொலிஸ் வரும். அங்கே யாரும் சாகவும் இல்லை, எங்கோ செத்தவர்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஆவி செத்த இடத்தைத்தான் சுற்றும் என்று எங்கள் அம்மம்மா சொல்வா. அந்தக் கணக்கிலும் சேமக்காலை தோற்றுவிடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது இருட்டு. களவில்லாமல், ஒருவருக்கும் ஒளிக்காமல் நிற்கக்கூடிய இருட்டு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெளிச்சத்தில் இருந்து வந்த கண் இருட்டுக்குச் சரியாகப் பழக இருபது, முப்பது நிமிடம் எடுக்கும். இடையில் ஒருதரம் போனைத் தட்டினால் கணக்கு முதலில் இருந்து தொடங்கும். பழகிய பிறகும் மங்கல் வெளிச்சத்தில் நடுக்கண் குருடு மாதிரித்தான், ஓரக்கண்தான் பிடிக்கும். கடைக்கண்ணில் ஒரு ஆள் தெரியும், நேரே திரும்பினால் இருக்காது. பேய் பார்த்தவர்கள் சொல்கிற கதையும் அச்சொட்டாக இதுதானே! அதைக் கண் செய்கிற வேலை என்று நினைத்தாலும் சரி, வேறெதுவும் என்று நினைத்தாலும் சரி, அதை அனுபவிக்க அரை மணித்தியாலமாவது பதறாமல் உட்கார ஒரு இடம் வேண்டும். வேலி பாய்ந்து வந்தவனின் காது வாசல் பக்கமே இருக்கும். அவனுக்கு வருகிற பயம் காவலாளிப் பயம். அது இடத்தின் பயம் ஆகாது.

கோட்டை இதில்தான் வெல்கிறது. உள்ளே ஆமி முகாம், வாசலில் சென்றி. ஆனால் மலையுச்சியில் கோயில் இருப்பதால் மாலைப் பூசைக்குச் சனம் போய்வரும். எங்கள் ஊரில் அந்தி நீளாது. சூரியன் சாய்ந்து அரை மணித்தியாலத்துக்குள் கும்மிருட்டு. பூசை முடிந்து இறங்குகிற நேரம், மரங்களுக்குக் கீழே, அந்தப் பாதை முழுக்க உங்களுக்குத்தான்.

பழமையிலும் குறைவில்லை. 1622 சித்திரைப் புத்தாண்டன்று பறங்கியர் (போர்த்துக்கேயர்) பூசகர் வேடத்தில் புகுந்து கோயிலைச் சூறையாடினார்கள் என்பது வழிவழியாக வந்த செய்தி. இடித்த கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர், 1782 ஒரே வருடத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர் என்று கை மாறிய மண் இது. வாசல் கல்லில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்தும் இருக்கின்றன. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்குகிற பாட்டுத்தான் அது என்று ஊரில் வாசிப்பார்கள். குளக்கோட்டன் என்பது கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படுகிற அரசன். அடுத்து வருகிற பூனைக்கண், செங்கண், புகைக்கண் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்த வெள்ளைக்காரராம். புதைத்து ஒளித்த விக்கிரகங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன. என்னைக் கேட்டால், எந்தப் பேய்க்கதையையும்விட அதுதான் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது.

ஊர் சொல்கிற பேய் என்னவோ பிரான்சினா வான் றீட். காதலன் கப்பலேறிப் போய்விட்டான் என்று மலையில் இருந்து கடலில் குதித்த ஒல்லாந்தப் பெண். 1687 என்று பொறித்த தூண் கூட இருக்கிறது. ஆனால் அவர் அதற்குப் பிறகும் கலியாணம் கட்டியதாக ஒல்லாந்தர் பதிவுகளில் இருப்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். குதித்தவர் எப்படி மணவறையில் உட்கார்ந்தாரோ! மச்சானிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவனுக்கு முகம் விழுந்துபோனது.

இறங்கி வரும்போது ஆலமரத்தடியில் அவன் சடாரென்று நின்றான். இடுப்பளவு உயரத்தில் இரண்டு பச்சைப் புள்ளி, அசையவில்லை. அவன் லைற்றை அங்கேயே பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்க, பின்னால் அர்ச்சனைத் தட்டோடு வந்த வயதான அம்மா ஒருவர், "தம்பி, லைற்றை நூருங்கோ. அது பயப்படப் போகுது" என்றார். மான். கோட்டைக்குள் புள்ளிமான்கள் மேய்ந்து திரிவது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம், ஆனால் இருட்டில் அவற்றின் கண் எப்படி மின்னும் என்பதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அது வெருண்டு போட்ட சத்தம் யாரோ பெண் கீச்சிட்ட மாதிரி ரெக்கோடரில் பதிவாகியிருக்கிறது. அடுத்த கணம் "ஐயோ அம்மா" என்று கேட்பது மச்சான்.

கோட்டையின் குறை அதுதான்: சத்தம் அதிகம். மணி, குரங்கு, மான், முகாமில் இருந்து வருகிற பேச்சு, வெட்டுக்குள் ஏறி இறங்குகிற கடல். ரெக்கோடரை நம்பிப் போகிறவருக்கு இது சரிவராது. வெட்டின் விளிம்பில் நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒரு அமுக்கம் வரும். அது அலையின் அதிர்வா, முந்நூறு அடிக்கு மேலான உயரமா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. நள்ளிரவில் அங்கே எப்படி என்றும் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் நான் நின்றதில்லை.

போகிறதென்றால் வெள்ளி, போயா (பௌர்ணமி), சிவராத்திரி நாட்களை விடுங்கள். தென்பகுதியில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் இறங்கும். தேய்பிறையில் ஒரு சாதாரண வார நாள் நல்லது. வெட்டின் ஓசை கேட்க வேண்டுமென்றால் வாடைக் காற்று தொடங்கிய பிறகு வாருங்கள், குடையும் வேண்டும். ஆறுதலாக உட்கார ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற காலம். செருப்பைக் கழற்ற வேண்டும், அரைக் காற்சட்டை சரிவராது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சென்றிக்காரரிடம் பேய் பிடிக்க வந்தோம் என்று விளக்கம் சொல்ல எனக்குச் சிங்களம் அவ்வளவு போதாது.