நாகேஸ்வர ராவ் பார்க்கில் இருபது வருஷம்

மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் இருபது வருஷமாகக் காலை நடை போகிறேன். சின்ன பார்க்தான், நிதானமாக நடந்தாலும் சில நிமிஷத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம். ஆனால் ஆறு மணிக்கு உள்ளே நுழைந்ததும் ரோட்டுச் சத்தம் அடங்கி உடம்பில் ஒரு குளிர்ச்சி படும் பாருங்கள், அதற்காகவே மழை நாளிலும் குடையோடு கிளம்பிவிடுவேன்.

பெயருக்குரியவர் யாரோ பழைய கவுன்சிலர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கூட நடக்கும் தெலுங்குக்காரப் பெரியவர் ஒருவர்தான், "இதே ரோட்ல அமிர்தாஞ்சன் ஆபீஸ் இருக்கே, அந்த ராவ்தான் சார்" என்றார். அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கியவர், சங்கீதக் கச்சேரிகளுக்குப் போய் தைலத்தை இலவசமாகக் கொடுத்தே அதைப் பிரபலமாக்கியிருக்கிறார். 1908இல் அங்கேயே ஆந்திர பத்திரிகாவை ஆரம்பித்து, 1914இல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கினார். 1937இல் தனி ஆந்திர மாநிலம் கேட்டுச் சேர்ந்து போராட ராயலசீமைத் தலைவர்களும் கடலோர ஆந்திரத் தலைவர்களும் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம் கையெழுத்தானது மயிலாப்பூரில் இவருடைய வீட்டில்தான். ஒரு மாநிலம் உருவான கதையில் நம்ம பேட்டைக்கும் பங்கிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து கேட்டில் அந்தப் பெயரைப் பார்க்காமல் நான் உள்ளே போவதில்லை.

இத்தனை வருஷத்தில் மனசு உடைந்தது ஒரே ஒரு முறை. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். சில நாள் கழித்துப் போனால், நான் உட்காரும் பெஞ்சுக்கு மேலே பளீரென்று வானம். நிழல் கொடுத்த மரம் வேரோடு சாய்ந்து, வேரில் ஈரமண் ஒட்டியபடியே கிடந்தது. அடுத்த கோடையில் ஏழரை மணிக்கே அந்தப் பக்கம் நடக்க முடியவில்லை.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது குழந்தைகள் மைக் இல்லாமல் பாடும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி. ஒரு தடவை வர்ணம் பாடிக்கொண்டிருந்த சிறுமி, காக்காய்கள் கத்தவும் சட்டென்று நிறுத்திவிட்டாள். பக்கத்தில் வயலின் வாசித்த பையன் மெதுவாக அந்த வரியை எடுத்துக்கொடுத்தான், அவளும் பல்லவியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். நடந்துகொண்டிருந்த நாங்கள் நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். கச்சேரி இருக்கும் நாளில் போனால் முன்வரிசையிலேயே உட்காருங்கள், பின்னால் இருந்தால் பாட்டு காதில் விழாது.