தோள்பட்டை வலிக்கு 38,500 ரூபாய் அழுதேன், நீங்களும் அழாதீர்கள்

நேற்று அரசு மருத்துவமனையிலிருந்து திரும்பியதிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை.

நான்கு மாதமாக வலது கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் போய்விடும். எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு வலி நிவாரண மையம் திறந்திருந்தார்கள். உள்ளே போனதும் வெந்நீர் கொடுத்து உட்காரவைத்தார் அங்கிருந்தவர். "என் அம்மாவும் இப்படித்தான் ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பார், அக்கா. சவ்வு கிழிந்திருக்கிறது. பதினைந்து நாளில் நீங்களே தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வீர்கள்" என்றார். வீட்டில்கூட யாரும் என் ராத்திரியைப் பற்றிக் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோனேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம், 38,500 ரூபாய். ஒரே தவணையில் கட்டினேன்.

தினமும் ஒரு பையன் கையை முறுக்கி இழுத்தான். அலறினால் "வலித்தால்தான் சரியாகும்" என்பான். பத்தாம் நாள், முன்பு தோள் உயரம் வரை போன கை மார்புக்கு மேல் எழவில்லை. பணத்தைக் கேட்டேன். "சார் வெளியூரில் இருக்கிறார்." மறுநாள், "ரசீதின் பின்பக்கம் படியுங்கள், திருப்பித் தருவதில்லை." அதற்கும் மறுநாள், "உங்கள் உடம்புதான் ஒத்துழைக்கவில்லை." இப்போது போனையே எடுப்பதில்லை. 38,500 ரூபாய்!

நேற்று எலும்பு மருத்துவர் என் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். முடியவில்லை. அவரே திருப்பிப் பார்த்தார், அப்போதும் நகரவில்லை. அந்த மையத்தில் சவ்வு என்று சொன்ன தசைநார் மட்டும் கிழிந்திருந்தால் பிறர் திருப்பும்போது பெரும்பாலும் திரும்பிவிடுமாம். எக்ஸ்ரேயில் தேய்மானம் எதுவும் இல்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிட்டது, இது தோள்பட்டை இறுக்கம் என்றார். சர்க்கரை இருக்கிறதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எனக்கு எட்டு வருடமாக இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். பணம் வாங்கியவர்கள் ஒருநாளாவது அதைக் கேட்டார்களா?

வலி உச்சத்தில் இருக்கும்போது முரட்டுத்தனமாக இழுக்கவே கூடாதாம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாள் சர்க்கரை ஏறும், கவனியுங்கள் என்றார். மெதுவான பயிற்சிகள் கொடுத்திருக்கிறார். முழுதாகச் சரியாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். பதினைந்து நாளாம், பதினைந்து நாள்!

கையைத் திருப்பிப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சொல்பவரிடம் இருக்காதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். சர்க்கரை இருந்தால் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

ரசீது பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.