கலப்பெண்களுக்கு ஒரு காணொளிப் பாடம்

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காகக் கட்டணம் செலுத்தி வாங்கிய இயற்கணிதக் காணொளித் தொகுப்பில், மெய்யெண்ணும் கற்பனை எண்ணும் சேர்ந்த கலப்பெண்கள் பற்றிய பகுதியை நானும் முழுமையாகப் பார்த்தேன். வர்க்கம் −1 ஆகும் மெய்யெண் கிடையாது, ஆகவே கற்பனை எண் ஒன்றை வைத்துக்கொள்வோம் என்றுதான் வகுப்பறைகளில் பொதுவாகத் தொடங்குவார்கள். தீர்வில்லை என்றால் விட்டுவிடலாமே என்று கேட்கும் மாணவருக்கு அதில் விடையில்லை.

இத்தொகுப்பின் ஆசிரியரோ இத்தாலியரான ரஃபேல் பொம்பெல்லி 1572-இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குகிறார். ஓர் எண்ணின் கனம், அவ்வெண்ணின் 15 மடங்குடன் 4-ஐக் கூட்டினால் வருவதற்குச் சமம் எனில் அந்த எண் எது? 64 = 60 + 4 என்பதால் 4 என்பது கண்ணுக்கு முன்னே நிற்கும் விடை; ஆனால் முப்படிச் சமன்பாட்டுச் சூத்திரமோ 2 + √−121, 2 − √−121 ஆகிய இரண்டின் கனமூலங்களைக் கூட்டச் சொல்லி, √−121 என்பதில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 2 + √−1 என்பதன் கனம் 2 + √−121 என்றும், 2 − √−1 என்பதன் கனம் 2 − √−121 என்றும் பெருக்கிக் காட்டி, அவ்விரு கனமூலங்களையும் கூட்டும்போது கற்பனைப் பகுதிகள் நீங்கி 4 எஞ்சுவதை ஆசிரியர் அவசரமின்றி விளக்குகிறார். இந்த ஒரு பாடத்துக்கே கட்டணம் தகும்.

√−1 ஆல் பெருக்குவது தளத்தில் ஒரு புள்ளியை 90 பாகை சுழற்றுவதே என்ற பாடமும் தெளிவானது. கலப்பெண்ணைத் தொலைவாலும் கோணத்தாலும் குறிக்கும் துருவ வடிவம் மட்டும் ஓட்டமாக ஓடுகிறது. √−4, √−9 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 6 அன்று, −6 என்பதை எச்சரிக்கையாகக் கூறாமல் கடப்பது பெருங்குறை. பயிற்சித் தாள்களிலும் வழிமுறையின்றி இறுதி விடைகளே தரப்பட்டுள்ளன.